முன்சிறுகுடல் புண்ணும் இரைப்பை அமிலமும்

இரைப்பையை அடுத்த முன்சிறுகுடலின் உட்சவ்வை அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் அரிப்பதால் உண்டாவது முன்சிறுகுடல் புண். பேச்சு வழக்கில் அல்சர், குடல்புண் என்பார்கள். இரைப்பை வாயைத் தாண்டிய முதல் சில சென்டிமீட்டருக்குள்ளேயே இது பெரும்பாலும் தோன்றும். கணையநீரின் பைகார்பனேட் சேர்ந்து நடுநிலையாவதற்கு முன் அமிலம் நேரே படும் இடம் அது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும், நள்ளிரவிலும் மேல்வயிறு எரியும். ஏதாவது சாப்பிட்டால் தணியும்.

இரைப்பைச் சுவரின் பெரைட்டல் செல்கள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. வேகஸ் நரம்பு, காஸ்ட்ரின், ஹிஸ்டமின் ஆகிய மூன்றும் அவற்றைத் தூண்டுகின்றன. இப்புண் உள்ளவர்களிடம் அமிலச் சுரப்பு சராசரியாக மற்றவர்களைவிட அதிகம். ஆயினும் பலருக்கு அது இயல்பான அளவிலேயே இருக்கும். அமிலம் இல்லையேல் புண் இல்லை என்று 1910-இல் கார்ல் ஸ்வார்ஸ் வகுத்த விதியே பிற்காலச் சிகிச்சைகளுக்கெல்லாம் அடிப்படை ஆயிற்று.

இந்த விதி தென்னிந்தியாவில் அறுவை மேசையிலேயே சோதிக்கப்பட்டது. அன்று தெற்குத் திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரில், லண்டன் மிஷன் மருத்துவமனை 1838-இல் தொடங்கியது. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்துக்குப் பின் தென்னாட்டைச் சுற்றிப் பார்த்த அறுவை மருத்துவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், அங்கே குவிந்திருந்த நோயாளிகளைக் கண்டு அந்த ஊரிலேயே பணிபுரிய வந்தார். நோயாளிகளில் பெருந்தொகையினர் முன்சிறுகுடல் புண்ணால் வாடிய ஆண்கள். புண் ஆறி வடுவாகிப் பாதை அடைபட, உண்டதையெல்லாம் வாந்தியெடுக்கும் நிலையில் வந்தவர்களும் பலர். இரைப்பையை நடுச்சிறுகுடலோடு நேரே இணைப்பதே அப்போதைய வழக்கமான அறுவை. அடைப்பு நீங்கியது, ஆனால் அமிலம் குறையவில்லை. அதனால் சிலருக்கு இணைத்த இடத்திலேயே புதுப்புண் வந்தது. அமிலத்தின் பங்குக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சாமர்வெல்லும் உடன் பணியாற்றிய ஐ. எம். ஆரும் 1936-இல் தம் அனுபவத்தை வெளியிட்டார்கள். 1945-இல் சாமர்வெல், இரைப்பையை வெட்டாமல் அதற்கு வரும் இரத்தக் குழாய்களைக் கட்டிச் சுரப்பைக் குறைக்கும் ஒரு முறையை முன்வைத்தார். வேகஸ் நரம்பை அறுக்கும் லெஸ்டர் டிராக்ஸ்டெட்டின் முறை பரவியபின் அது வழக்கொழிந்தது.

தெற்கில் இந்நோய் ஏன் மிகுதி என்பதற்கு உணவில் விடை தேடினார்கள். குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தில் ராபர்ட் மெக்காரிசன், மரவள்ளிக்கிழங்கு மிகுந்த திருவிதாங்கூர் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் புண் உண்டாவதைக் கண்டார். ரயில்வே மருத்துவர் எஸ். எல். மல்ஹோத்ரா 1964-இல், மென்று தின்னும் கோதுமை உணவில் உமிழ்நீர் கூடுதலாகச் சேர்வதே வடக்கத்தியருக்குப் பாதுகாப்பு என்றார். மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி, அரிசி உண்ணும் பகுதிகளில் நோய் மிகுந்திருப்பதை 1979-இல் விரிவாக எழுதினார். உணவு துணைக் காரணமே, முதற்காரணம் வேறு.

1982-இல் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற நுண்ணுயிரியைக் கண்டறிந்தார்கள். 2005-இல் இதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் தங்கும் இந்நுண்ணுயிரி, அமிலத்துக்குக் கடிவாளமான சோமட்டோஸ்டாட்டினைக் குறைக்கிறது, காஸ்ட்ரின் கூடுகிறது, அமிலம் மிகுகிறது. மிகையான அமிலம் படும் முன்சிறுகுடலின் சவ்வு, இரைப்பைச் சவ்வைப் போல மாறிக்கொள்கிறது. அங்கேயும் நுண்ணுயிரி குடியேற, புண் உண்டாகிறது. ஆகவே அமிலம் புண்ணுக்கு இன்றியமையாதது. அது மட்டும் போதாது. ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகள் சவ்வின் காப்பைக் குலைத்து, நுண்ணுயிரி இல்லாமலே புண்ணை வரவழைக்கும்.

அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளில், ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வில் உருவான சிமெடிடின் 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அடுத்து வந்த ஒமிப்ரசோல் வகை மருந்துகள் அமிலம் சுரக்கும் கடைசிப் படியையே தடுக்கின்றன. இன்று இவற்றோடு ஆன்டிபயாட்டிக்குகளைச் சேர்த்துப் பெரும்பாலும் இரண்டு வாரம் கொடுக்கிறார்கள். குடல் ஓட்டை, அடைப்பு, நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு மட்டுமே அறுவை செய்கிறார்கள். அமிலத்தைக் குறைத்தால் எரிச்சல் நின்று புண்ணும் ஆறும். நுண்ணுயிரி எஞ்சினால் புண் திரும்பவும் வரும் என்பதால், சிகிச்சை முடிந்தபின் அது அழிந்துவிட்டதா என்று பரிசோதிப்பது அவசியம்.