பரண் கேசட்டும் வீட்டு சர்வரும்

1931-ல் வந்த தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்'. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. பிரதி இருந்தால்தானே வரலாறு! அதை வீட்டிலேயே சேமித்து டிவியில் பார்க்கும் வசதி எப்படி வந்தது தெரியுமா?

2002-ல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியில் படம் பார்க்க சில ஆர்வலர்கள் ஒரு மென்பொருள் எழுதினார்கள். அது எக்ஸ்பிஎம்சி ஆகி, 2014-ல் 'கோடி' என்று பெயர் மாறியது. அதிலிருந்து கிளைத்ததுதான் பிளெக்ஸ். எம்பி என்ற இன்னொரு சர்வர் 2018-ல் தன் மூலநிரலை மூடிவிட, பழைய திறந்த நிரலை எடுத்து தன்னார்வலர்கள் ஜெல்லிஃபின் தொடங்கினார்கள். முழுக்க இலவசம்.

வேலை எளிது. ஹார்ட் டிஸ்க் போட்ட என்ஏஎஸ் பெட்டியை ரவுட்டரில் இணைத்து, அதில் இந்த சர்வரை ஓடவிட வேண்டும். டிவி, மொபைல் எது கேட்டாலும் படம் போகும். இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள் ஓடும்.

எங்கள் தருமபுரி பக்கம் அப்பா அம்மா கல்யாண கேசட் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். முதலில் அதை ஏற்றுங்கள். ஒன்று மட்டும்... இரண்டு டிஸ்கில் ரெய்டு போட்டால் போதாது. தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். காமர்ஸ் பாஷையில் சொன்னால், டூப்ளிகேட் ரசீதை அதே பீரோவில் வைக்கக்கூடாது!