கிளையில் தொங்கிய கட்டுச்சோறு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தில்லை நகரிலிருந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, சைக்கிளில் தஞ்சாவூர் வரை போய்வருகிற ஆசாமிகளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். காலைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள். கவலையெல்லாம் வயிற்றைப் பற்றித்தான்!

இதற்கு விதி எழுதி வைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் பால் தெ விவி. செல்லப் பெயர் 'வெலோசியோ'. நெடுந்தூரம் சைக்கிள் மிதிக்கிறவன் பசிப்பதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட வேண்டும், தாகம் எடுப்பதற்கு முன்பே குடித்துவிட வேண்டும் என்பார். (மனிதர் சைவம் வேறு!) பசித்த பிறகு சாப்பிட்டால், அது செரித்துக் காலுக்குத் தெம்பாகப் போய்ச்சேர நேரமாகும். அதற்குள் ஆள் புளியமரத்தடியில் சாய்ந்திருப்பார். வியர்வையோடு உடம்பிலிருக்கும் உப்பும் போய்விடுமாதலால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. நம் ஊர் நீர்மோரில் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறார்களே, சும்மாவா?

வெலோசியோ காலமானது 1930-ல். அதே வருஷம் ஏப்ரல் 13, தமிழ் வருஷப் பிறப்பு. தில்லை நகரிலிருந்து அதிக தூரமில்லாத கன்டோன்மென்ட்டில், டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் வேதாரண்யத்துக்குக் கிளம்பினார்கள், உப்பு எடுக்க. சைக்கிளெல்லாம் கிடையாது, நடைதான். சுமார் 150 மைல். சித்திரை வெயிலில் நாளைக்குப் பத்து மைல் வீதம் பதினைந்து நாள்! கையில் சமையல்கட்டா இருக்கிறது? வழியில் ஊர்க்காரர்கள் போடுகிற சோற்றை நம்பித்தான் பயணம்.

தஞ்சாவூர் கலெக்டர் ஜே.ஏ. தார்ன் கைவைத்ததும் அங்கேதான். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ குற்றம். இந்திய தண்டனைச் சட்டம் 157-வது பிரிவின்படி ஆறு மாதம் ஜெயில் என்று அறிவித்துவிட்டார். சோறு நின்றால் நடை நிற்கும் என்பது கணக்கு. 'தார்ன்' என்றால் முள். ராஜாஜி சும்மா விடுவாரா? அந்தப் பெயரை வைத்தே கேலி பண்ணினார்.

ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள்! கட்டியது யார் என்று போலீஸ் மரத்தையா விசாரிக்க முடியும்? காவிரிக் கரையில் படை இளைப்பாறினால், பெரிய பெரிய பாத்திரங்களில் சாப்பாடு எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தகவல் மட்டும் வந்துசேரும். கும்பகோணத்தில் பந்துலு ஐயருக்கு இந்த ஒளிவுமறைவே பிடிக்கவில்லை போலிருக்கிறது. வீட்டுக்கே அழைத்து விருந்து வைத்தார். கைதானார். ஆறு மாதம். திருத்துறைப்பூண்டியில் சத்திரத்தைத் திறந்துவிட்ட ராமச்சந்திர நாயுடுவும் கைது.

உப்புக்காக ஏன் இத்தனை பாடு என்று இன்றைக்குத் தோன்றலாம். வெயிலில் உழைக்கிறவனுக்குத்தான் உப்பு அதிகம் வேண்டும். ஆகவே, உப்பு வரியின் சுமை பணக்காரனைவிட ஏழைக்கே அதிகம். வைஸ்ராய் இர்வினுக்கு காந்தி 1930 மார்ச்சில் எழுதிய கடிதத்திலும் இந்த நியாயம்தான் இருந்தது.

ஏப்ரல் 28-ல் படை வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. 30-ம் தேதி உப்பு அள்ளிய ராஜாஜிக்கும் அதே ஆறு மாதம்தான். கூடவே அபராதம் 200 ரூபாய். கொண்டுவந்து அடைத்தது திருச்சி ஜெயிலில்.