ரொட்டிக்கடை ராக்

பூனாவுக்கு வேலைக்கு வந்த புதிதில் பக்கத்து அறை பெங்காலி நண்பர் ஒரு குறுந்தகடு கொடுத்தார். 'ஃபோட்டோஸ் ஆஃப் கோஸ்ட்ஸ்'. பி.எஃப்.எம். என்ற இத்தாலியக் குழு 1973-இல் வெளியிட்ட ஆல்பம். ராக் கிடாரோடு வயலின், புல்லாங்குழல் எல்லாம் கலந்துகட்டி அடித்திருந்தார்கள். பாட்டு ஆங்கிலத்தில். கொஞ்ச நாள் கழித்து அதே பாட்டுகளை இத்தாலியனில் கேட்டபோது, உள்ளூர்க்காரர்களுக்காக டப்பிங் செய்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் அப்படியே தலைகீழ். இத்தாலியன்தான் அசல்!

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். 1960களில் இத்தாலியக் குழுக்கள் பலவும் இங்கிலாந்து, அமெரிக்க ஹிட் பாட்டுகளின் மெட்டை எடுத்து, இத்தாலிய வார்த்தைகளைப் போட்டுப் பாடிக்கொண்டிருந்தன. 'கலிஃபோர்னியா ட்ரீமின்' பாட்டை டிக் டிக் என்ற குழு 1966-இல் அப்படித்தான் பாடியது. மெட்டு இரவல், வார்த்தை சொந்தம்.

1970 வாக்கில் இங்கிலாந்திலிருந்து ப்ரோக்ரெஸிவ் ராக் வந்தது. நீள நீளமான பாட்டு, நடுவில் தாளம் மாறும், செவ்வியல் இசையின் சாயல் இருக்கும். ஆபரா கேட்டு வளர்ந்த ஊருக்கு இது உடனே பிடித்துவிட்டது. வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் 'பான் ஹார்ட்ஸ்' ஆல்பம் சொந்த நாடான இங்கிலாந்தில் விற்பனைப் பட்டியலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இத்தாலியில் 1972-இல் முதலிடம்!

உள்ளூர்க் குழுக்களும் கிளம்பின. பெயர்களே தனி ரகம். மிலானின் பி.எஃப்.எம். என்றால் 'பிரெமியாத்தா ஃபோர்னேரியா மார்கோனி', அதாவது 'பரிசு பெற்ற மார்கோனி ரொட்டிக்கடை'. கியாரி என்ற ஊரில் நிஜமாகவே இருந்த பேக்கரியின் பெயரிலிருந்து வந்தது. ரோமின் 'பாங்கோ டெல் முத்துவோ சொக்கோர்ஸோ'வை நம்மூர் பாணியில் 'பரஸ்பர சகாய நிதி' என்று சொல்லலாம். 1972-இல் வந்த அவர்களது முதல் ஆல்பத்தின் அட்டையே உண்டியல் வடிவம்தான்.

பி.எஃப்.எம். அதே 1972-இல் இரண்டு ஆல்பங்கள் போட்டது, இரண்டும் இத்தாலியனில். எமர்சன், லேக் அண்ட் பாமர் குழுவினரின் 'மாண்டிகோர்' நிறுவனம் இவர்களை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. கிங் கிரிம்சனுக்குப் பாட்டெழுதிய பீட் சின்ஃபீல்ட் ஆங்கில வரிகள் எழுதினார். மொழிபெயர்ப்பு இல்லை, புதுப் பாட்டு. 'ஒரு நண்பனுக்காக' என்ற பாட்டு 'ஆவிகளின் புகைப்படங்கள்' ஆனது. 'தளபதி' என்று பெயர் வைத்திருந்த வாத்திய இசைக்கு 'மிஸ்டர் நைன் டில் ஃபைவ்' என்று ஆபீஸ் பெயர்! ஒரே ஒரு பாட்டு மட்டும் இத்தாலியனிலேயே தப்பித்தது.

ஆல்பம் அமெரிக்க பில்போர்ட் பட்டியலுக்குள் நுழைந்தது. ஆனால் கணக்கு மாறிவிட்டதைப் பாருங்கள். இப்போது மெட்டு சொந்தம், வார்த்தை இரவல்.

1975-இல் வந்த 'சாக்லேட் கிங்ஸ்' முழுக்க ஆங்கிலம். 1978-இல் 'பாஸ்பார்த்து' ஆல்பத்தில் மறுபடி இத்தாலியனுக்கே திரும்பினார்கள். 1979 ஜனவரியில் ஜெனோவாவின் பாடகர் ஃபாப்ரிட்ஸியோ தெ ஆந்த்ரேயுடன் மேடை ஏறி, அவர் பாடல்களுக்குப் புது இசைக்கோர்ப்பு செய்தார்கள். அந்தக் கச்சேரிகளிலிருந்து இரண்டு ஆல்பங்கள் வந்தன.

அதற்குள் குழுவிலிருந்து விலகியிருந்த வயலின்காரர் மவ்ரோ பகானி இன்னும் ஒரு படி மேலே போனார். 1984-இல் அதே தெ ஆந்த்ரேயுடன் சேர்ந்து 'க்ரேவ்ஸா தெ மா' ஆல்பத்தைச் செய்தார். அது இத்தாலியன்கூட இல்லை, ஜெனோவாவின் வட்டார மொழி. இத்தாலியர்களிலேயே பலருக்குப் புரியாது. அப்படியும் கொண்டாடினார்கள்.

ஆங்கிலத்தில் பாடியதற்காக பி.எஃப்.எம்.மைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. நாள் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்த ஆங்கிலத் தட்டு இல்லையென்றால் அவர்கள் என் அறை வரைக்கும் வந்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் ராத்திரி வீட்டுக்கு வந்து நான் போட்டுக் கேட்பது இத்தாலியன்தான். ஒரு வார்த்தை புரியாது. இருந்தும், பாடுகிறவர் தன் வீட்டில் இருக்கிறார் என்பது மட்டும் குரலில் தெரிகிறது.

புதிதாகக் கேட்பவர்கள் 1972-இன் 'பெர் உன் அமிகோ'வில் ஆரம்பியுங்கள். ஆங்கிலப் பதிப்பை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். நான் செய்த தப்பை நீங்களும் செய்யவேண்டாம்.