மலைப்பாதையில் பட்டைமாற்றம்: குப்பனூர்ச் சாலை எழுப்பும் சோதனைச் சிக்கல்

பேச்சு அறுபடாமல் ஒரு கோபுரத்தின் எல்லையிலிருந்து மற்றொன்றின் எல்லைக்குக் கைபேசி மாறுவது கைமாற்றம், பொறியாளர் வழக்கில் ஹேண்டோவர், எனப்படும். இந்தியாவில் 4ஜி சேவை 850, 900, 1800, 2100, 2300, 2500 மெகாஹெர்ட்ஸ் எனப் பல பட்டைகளில் வழங்கப்படுவதால், இம்மாற்றம் பல நேரங்களில் பட்டைவிட்டுப் பட்டை தாவுவதாகவும் அமைகிறது. சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் மாற்றுப்பாதையைப் போன்ற மலைச்சாலைகளில் இத்தாவலின் வெற்றியைச் சமவெளி அளவுகோலால் மதிப்பிட இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் அண்டைக் கோபுரத்தைக் கைபேசி பேச்சினூடே அளந்துவிடும். வேறு பட்டையை அளக்கவோ, பொதுவாகத் தன் ஏற்பியை நடப்புக் கோபுரத்திலிருந்து சற்று விலக்கியாக வேண்டும். இதற்கென 40 அல்லது 80 மில்லிவினாடிக்கு ஒருமுறை விடப்படும் 6 மில்லிவினாடி ஓய்வே அளவீட்டு இடைவெளியாகும். நடப்புச் சிக்னல் குறித்த வரம்புக்குக் கீழே இறங்கிய பின்னரே, அதாவது ஏ2 எனப்படும் நிகழ்வு பதிவான பின்னரே, வலையமைப்பு வழக்கமாக இந்த இடைவெளியை வழங்கும். அவ்வாறு வழங்கியபின் 40 மில்லிவினாடி முறையில் ஓர் அதிர்வெண்ணில் புதிய கோபுரத்தைக் கண்டறிய, கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் தரநிலை 3.84 வினாடி வரை அனுமதிக்கிறது. தேட வேண்டிய அதிர்வெண்கள் மூன்றாயின் அது 11.52 வினாடியாகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வளைவேறும் பேருந்து அதற்குள் 64 மீட்டர் கடந்துவிடும். பாறைச் சுவரின் நிழலுக்குள் நுழையச் சில மீட்டர்களே போதும். எனவே தரநிலையை முழுதும் நிறைவு செய்யும் கைபேசியும் இங்கே பேச்சை இழக்கக்கூடும்.

பட்டைகளுக்கிடையிலான இயற்பியல் வேறுபாடும் இச்சிக்கலைக் கூர்மைப்படுத்துகிறது. பிற நிலைமைகள் சமமாயின், திறந்தவெளியில் 850ஐவிட 2300 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 8.6 டெசிபல் கூடுதலாக வலுவிழக்கும். கூரிய மலைவிளிம்பின் ஆழ்ந்த நிழலில் மேலும் ஏறத்தாழ 4 டெசிபல் குறையும். காப்பித் தோட்டங்களின் நிழல்மரங்கள் மழையில் நனைந்திருந்தால் இழப்பு இன்னும் மிகும். பள்ளத்தாக்கை நோக்கித் திறந்த திருப்பங்களிலோ சிக்கல் நேர்மாறானது: தொலைவிலுள்ள சமவெளிக் கோபுரங்கள் தடையின்றித் தென்படுவதால் கைபேசி அவற்றைப் பற்றிக்கொண்டு, அடுத்த திருப்பத்தில் கைவிடப்படும். ஏறும்போதும் இறங்கும்போதும் நிழல் வரும் வரிசை வேறு. ஆகவே ஒருவழிச் சோதனை அரைச் சோதனையே.

ஏ2 வரம்பை உயர்த்திக் கைபேசியை முன்கூட்டியே தாழ்பட்டைக்கு மாற்றிவிடலாமே என்பது எளிதில் தோன்றும் தீர்வு. ஆனால் தாழ்பட்டைகளில் நிறுவனங்களிடமுள்ள அலைக்கற்றை பெரும்பாலும் குறுகியது. கோடைவிழாக் கூட்டம் திரளும் ஏற்காட்டில் அது விரைவில் நெரிசலுறும். ஆகவே மலைப்பாதையை நோக்கும் அலைபரப்பிகளுக்கு மட்டும் தனி வரம்பு வகுப்பதே தகும். அதை எந்த மதிப்பில் வைப்பது என்பதைச் சாலையிலேயே அளந்து, ஏ2 பதிவான இடத்துக்கும் நிழல் தொடங்கும் இடத்துக்கும் உள்ள தொலைவைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

அழைப்புத் துண்டிப்புக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நெடுங்காலம் வைத்திருந்த 2 சதவீத உச்சவரம்பு பரப்புச் சராசரியையே சார்ந்தது. நகர அழைப்புகளின் பெருக்கத்தில் ஒரு மலைச்சாலையின் துண்டிப்புகள் தடமின்றிக் கரைந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட முதன்மைச் சாலை மண்சரிவால் அடைபடும் நாளில் போக்குவரத்து குப்பனூர்ப் பக்கம் திரும்புகிறது. உதவி கோரும் அழைப்புகளும் அப்போது அங்கிருந்தே எழ வேண்டியிருக்கும். வாகனத்தில் சென்று சேவைத்தரத்தை அளக்கும் தன் ஓட்டச் சோதனைத் தடங்களில் டிராய் இத்தகைய சாலைகளை இருதிசையிலும், மழைக்காலத்திலும் சேர்த்து, முடிவுகளை மாவட்டச் சராசரியில் கலக்காமல் தனியே வெளியிட வேண்டும்.