பல்லியின் எச்சிலில் இருந்த மருந்து

"பல்லி எச்சில்ல இருந்து சுகருக்கு ஊசி கண்டுபிடிச்சாங்களாமே சார், நிஜமா?" என்று காலை நடையில் நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கும் பல வருஷமாகச் சர்க்கரை உண்டு. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். நிஜம்தான்.

அதன் பெயர் ஹீலா மான்ஸ்டர். அரிசோனா பாலைவனத்தில் ஓடும் ஹீலா ஆற்றின் பெயரால் வந்தது. ஒன்றரை அடி நீளம், கறுப்பும் இளஞ்சிவப்புமாகப் பாசிமணி கோத்தது போன்ற தோல், மந்தமான நடை. வருஷத்தின் பெரும்பகுதி வளைக்குள்தான். பறவை முட்டை, முயல் குட்டி என்று கிடைத்தால் வயிறு முட்டத் தின்றுவிட்டு, வாலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். பாம்புக்கு விஷப்பை மேல்தாடையில், இதற்குக் கீழ்த்தாடையில். கடித்தால் லேசில் பிடியை விடாது.

அதன் மூச்சுப் பட்டாலே சாவு என்று அங்கே நம்பினார்கள். நம் ஊரில் அரணையைச் சொல்வதில்லையா, அப்படி. பாவம், அரணைக்கு விஷமே கிடையாது. இதற்கு உண்டு, ஆனால் கடிபட்டுச் சாவது மிக அபூர்வம். டூம்ஸ்டோன் ஊரில் ஜார்ஜ் குட்ஃபெலோ என்றொரு டாக்டர். கௌபாய் படங்களில் வரும் 1881 துப்பாக்கிச் சண்டையில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1891-இல் வேண்டுமென்றே இந்தப் பல்லியிடம் விரலைக் கொடுத்தார். ஐந்து நாள் படுத்துக் கிடந்து எழுந்துவிட்டார். அப்படியும் ஜனங்களின் பயம் போகவில்லை. கண்ட இடத்தில் அடித்தார்கள், பிடித்து விற்றார்கள். 1952-இல்தான் அரிசோனா அரசு சட்டம் போட்டுத் தடுத்தது.

அதற்கு 40 வருஷம் கழித்து, நியூயார்க்கின் பிராங்க்ஸில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஜான் எங், அந்த விஷத்தில் எக்ஸென்டின்-4 என்ற பொருளைக் கண்டார். சாப்பிட்டதும் இன்சுலினைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன் ஒன்று நம் குடலிலேயே இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் இரண்டு நிமிஷத்தில் பாதி அழிந்துபோகும். பல்லியின் சரக்கு ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது, மணிக்கணக்கில் நிற்கிறது. எங் தன் கைக்காசு போட்டுக் காப்புரிமை வாங்கினார். 2005-இல் எக்ஸனடைட் என்ற ஊசியாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்தை ரசாயன முறையில்தான் செய்கிறார்கள். பல்லியைப் பிடித்துக் கறப்பதில்லை.

மறுநாள் நண்பரிடம் ஒரு திருத்தமும் சொன்னேன். இப்போது ஊரெல்லாம் பேசும் செமாகுளூடைட் பல்லிச் சரக்கு அல்ல. மனித ஹார்மோனையே மாற்றிச் செய்தது. அந்த வகை மருந்துகளில் முதலில் வந்ததுதான் பல்லியின் ஊசி.

"அந்தப் பல்லி இப்பவும் இருக்கா சார்?" என்றார். இருக்கிறது. ஆனால் ஃபீனிக்ஸ், டூசான் நகரங்கள் பெருகப் பெருக, வளைகள் இருந்த நிலத்தில் வீடுகள் எழும்புகின்றன.