மருந்தை வென்ற புழு

செம்மறி ஆட்டின் குடற்புழுக்களில் அதிக ஆடுகளைப் பலிகொள்வது ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்னும் உருளைப்புழு. பேச்சுவழக்கில் குடற்புழு என்றாலும் அது குடியிருப்பது ஆட்டின் நான்காவது இரைப்பையில். நீளம் இரண்டு, மூன்று சென்டிமீட்டர். இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலும் வெள்ளை முட்டைக் குழாய்களும் பெண் புழுவுக்குள் முறுக்கிய கயிறுபோலத் தெரியும். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தை இழக்க வைக்கிறது. 5,000 புழுக்கள் சேர்ந்தால் தினமும் கால் லிட்டர் போய்விடும். இமையின் உள்பக்கம் வெளுக்கும், தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும், பிறகு ஆடு சாயும்.

இதற்கு முதலில் கொடுக்கப்பட்டது மயில்துத்தக் கரைசல். புழு சாகும், ஆனால் அதிலுள்ள தாமிரம் செம்மறிக்கு எளிதில் நஞ்சாகும் என்பதால் அளவு சற்று மிஞ்சினால் ஆடும் சாகும். 1940-களில் பீனோதயசின் பரவியது. 1957-இல் அமெரிக்காவில் அதற்கு அடங்காத புழுக்கள் பதிவாயின. 1961-இல் தயாபென்டசோல் வந்தபோது புழுத்தொல்லை ஒழிந்தது என்றே பலரும் நம்பினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1964-இல், அதையும் தாங்கும் புழு கண்டறியப்பட்டது. 1981-இல் வந்த ஐவர்மெக்டினுக்கும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தென்னாப்பிரிக்காவில் அதே கதி. அந்த மருந்தின் மூலப்பொருளைக் கண்டறிந்த ஓமுரா, கேம்பெல் இருவருக்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தபோது, உலகின் பல ஆட்டுப் பண்ணைகளில் அது பலனற்றுப் போயிருந்தது.

இந்தியா இதில் பின்தங்கவில்லை. பீனோதயசினுக்கும் தயாபென்டசோலுக்கும் எதிர்ப்பு கொண்ட ஹீமாங்கஸ் பற்றிய ஆய்வுக் குறிப்பு 1976-லேயே வெளிவந்துவிட்டது. பிறகு ஹரியாணா, ராஜஸ்தான் பண்ணைகளிலிருந்தும், 2000-களில் தமிழ்நாட்டுப் பண்ணைகளிலிருந்தும் இத்தகைய செய்திகள் வந்தன. பெரும்பாலும் அடிபட்டவை, ஆல்பென்டசோலும் பென்பென்டசோலும் சேர்ந்த பென்சிமிடசோல் குடும்பத்து மருந்துகள். அவை புழுவின் செல்லில் உள்ள பீட்டா டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்பவை. அந்தப் புரதத்தின் 200-ஆம் இடத்தில் ஃபீனைல்அலனினுக்குப் பதில் டைரோசின் வந்தமர்ந்தால் மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000-க்கும் மேல் முட்டையிடும். அத்தனை பெரிய கூட்டத்தில் இப்படிப் பிறந்த சில எப்போதும் இருந்திருக்கும். மருந்து செய்ததெல்லாம் மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் விட்டதுதான்.

எதிர்ப்பு முதலில் தலைதூக்கிய இடம் கவனிக்கத்தக்கது. அரசுப் பண்ணைகளும் ஆய்வு நிலையங்களும்தான் அதிகம் பாதிக்கப்பட்டன. ஏழை இடையரின் மந்தைகளில் மருந்து பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருந்தது. காரணம், பண்ணையின் ஒழுங்கு. நாள் குறித்து, ஆண்டுக்குப் பலமுறை, எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றுவது அங்கே நல்ல நிர்வாகமாகக் கருதப்பட்டது. எடையைக் கண்ணால் மதிப்பிட்டு ஊற்றியதால் பெரிய ஆடுகளுக்கு மருந்து குறைந்துபோனது. அரைகுறை மருந்தில் பிழைத்த புழு அடுத்த தலைமுறையை உண்டாக்கியது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளோ அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டுக்கொண்டு மாவட்டம் விட்டு மாவட்டம் போகிறவர்கள். தங்கள் மந்தை கழித்த முட்டை புழுவாகி வளரும் புல்லுக்கே அந்த ஆடுகள் திரும்புவது குறைவு. மருந்துக்குச் செலவிடக் கையில் காசும் குறைவு. மருந்து படாத புழுக்கள் நிறைய மிஞ்சியதால், எதிர்ப்புள்ள சில புழுக்கள் அந்தக் கூட்டத்தில் கரைந்துபோயின. வறுமையைப் புகழ இதில் ஒன்றுமில்லை; அந்த மந்தைகளில் குட்டிச் சாவு உண்டு. ஆனாலும் மருந்தின் வீரியம் அங்கேதான் காப்பாற்றப்பட்டது.

ராஜஸ்தானின் அவிகாநகரில் 1962-இல் தொடங்கிய மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையம் நாள் குறித்துப் பலமுறை மருந்து ஊற்றும் பண்ணை வழக்கத்தைத் திருத்த முனைந்தது. வறண்ட பகுதிகளில் புழு பெருகுவது மழைக்காலத்தில்தான் என்பதால், மழையின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஒருமுறை மருந்து கொடுத்தால் போதும் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டினார்கள். தென்னாப்பிரிக்காவில் 1990-களில் உருவான ஃபமாச்சா முறை இன்னும் எளியது. ஆட்டின் கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்து, உள்சதையின் நிறத்தை ஐந்து நிறங்கள் கொண்ட அட்டையோடு ஒப்பிட வேண்டும். சிவந்திருந்தால் மருந்து வேண்டாம். வெளுத்த ஆட்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும்.

எதிர்ப்புள்ள புழு ஆட்டோடு சேர்ந்து ஊரும் மாறும். மும்பையில், தேவனாரில், 1971-இல் திறக்கப்பட்ட மாநகராட்சி இறைச்சிக்கூடம் இருக்கிறது. ராஜஸ்தானிலிருந்தும் மகாராஷ்டிரத்தின் உள்மாவட்டங்களிலிருந்தும் லாரி லாரியாக அங்கே ஆடுகள் இறங்குகின்றன. வெட்டுக்கு வந்த ஆட்டோடு அதன் புழுவின் கதையும் முடிந்துவிடும். வளர்ப்புக்கென்று சந்தையிலோ பண்ணையிலோ வாங்கும் கிடாய் அப்படியல்ல. அதன் வயிற்றுப் புழு இடும் முட்டை புழுக்கையோடு புது ஊரின் மேய்ச்சல் நிலத்தில் விழும். ஆகவே புதிதாக வாங்கிய ஆட்டைத் தனியே கட்டி, மருந்து கொடுத்து, 10 முதல் 14 நாள் கழித்துப் புழுக்கையைக் கால்நடை மருத்துவமனையில் காட்டி, முட்டை இல்லை என்று தெரிந்த பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும்.