அலாட்டர்னஸ்

மத்தியதரைக் கடலைச் சுற்றிய வறண்ட சரிவுகளில் ஆண்டு முழுதும் பச்சை மாறாமல் நிற்கும் புதர். தாவரவியல் பெயர் ராம்னஸ் அலாட்டர்னஸ். இலந்தையின் குடும்பமான ராம்னேசியைச் சேர்ந்தது என்றாலும் இதற்கு முள் கிடையாது. போர்த்துக்கல், ஸ்பெயின் தொடங்கி இத்தாலி, கிரேக்கம் வழியாக லெபனான் வரையிலும், எதிர்க்கரையில் மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியாவிலும் இயல்பாக வளர்கிறது. சுண்ணாம்புப் பாறை இடுக்கு போதும். நல்ல இடத்தில் 5 மீட்டர் வரை உயரும்.

தடித்த இலை, மேற்புறம் பளபளப்பு. திருப்பிப் பார்த்தால், நடுநரம்பிலிருந்து கிளைநரம்பு பிரியும் மூலைகளில் சிறு குழிகள் தென்படும். நுண்ணிய சிற்றுண்ணிகள் அவற்றில் தங்கும். குளிர்காலம் முடியும் தறுவாயில் பசுமஞ்சள் நிறத்தில் சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கின்றன. காய் சிவந்து, கோடையில் கறுத்துப் பழுக்கிறது. அப்பகுதியின் புதர்கள் பலவும் இலையுதிர்காலத்தில்தான் பழுக்கும் என்பதால், பறவைகளுக்கு இது முந்திக் கிடைக்கும் தீனி.

கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி, இதன் இலை கருவாலிக்கும் ஒலிவத்துக்கும் இடைப்பட்டது என்று எழுதினார். அது சரியான வருணனை. ஆனால் காய்க்காத மரங்களின் வரிசையிலும் இதைச் சேர்த்துவிட்டார். ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு செடிகளில் பூப்பவை. ஆண் செடியை மட்டும் பார்த்தவர் அப்படி முடிவுகட்ட இடமுண்டு. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வகைப்படுத்தியபோது பழைய லத்தீன் பெயரையே இனப்பெயராக வைத்துக்கொண்டார்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தோட்டங்களில் இது உயிர்வேலியானது. அங்கே இதைப் பரப்பிய பெருமை தனக்கே உரியது என்று 'சில்வா' (முதற்பதிப்பு 1664) நூலின் ஆசிரியர் ஜான் ஈவ்லின் உரிமை கொண்டாடினார். அக்காலத் தோட்டக்காரர்கள் இதை ஃபில்லிரியா என்ற மற்றொரு புதருடன் அடிக்கடி குழப்பிக்கொண்டார்கள். வேறுபாடு எளிது: அலாட்டர்னஸின் இலைகள் மாறி மாறியும், ஃபில்லிரியாவின் இலைகள் எதிரெதிராகவும் அமையும்.

வட ஆப்பிரிக்க நாட்டு வைத்தியத்தில் இதன் கஷாயம் மஞ்சள் காமாலைக்கும் மலச்சிக்கலுக்கும் கொடுக்கப்பட்டு வந்திருக்கிறது. கிளியோபாட்ரா வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இதன் இலையைத் தின்றே வளர்கின்றன.

தோட்டச்செடியாகப் போன நியூசிலாந்தில் கதை மாறிவிட்டது. பறவைகள் விதையைச் சுமக்க, ஆக்லாந்துக்கு எதிரே உள்ள ரங்கிடோட்டோ எரிமலைத் தீவில் இது அடர்ந்து பெருகி, பொகுடுகாவா மரங்களின் இளங்கன்றுகள் எழ விடாமல் நிழல் கட்டுகிறது. இன்று அந்நாட்டில் இதை விற்பதும் பெருக்குவதும் தடை. வெட்டினாலும் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். ஆகவே வெட்டிய இடத்தில் உடனே களைக்கொல்லி தடவுகிறார்கள்.